64 கிலோபிட்டில் முகம் தெரிய: ஜெனரேட்டிவ் மாடலால் வீடியோ அழைப்பைச் சுருக்கும் வழி

இந்தியாவில் பல பிரீபெய்டு திட்டங்களில் அன்றைய டேட்டா ஒதுக்கீடு தீர்ந்ததும் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக இறங்கிவிடும். குரல் அழைப்புக்கு அது தாராளம். ஆனால் வீடியோவைப் போட்டால் முகம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் உறையும், கடைசியில் குரலும் சேர்ந்து விட்டுவிட்டுக் கேட்கும். இந்த 64 கிலோபிட்டுக்குள் குரலையும் ஓரளவு தெளிவான முகத்தையும் அனுப்ப முடியுமா? முடியும். எப்படிச் செய்வது என்பதை முதல் கணக்கிலிருந்து கடைசிச் சோதனை வரை இங்கே சொல்கிறேன். பைத்தானும் பைடார்ச்சும் கொஞ்சம் பழக்கம், வெப்ஆர்டிசி (உலாவியிலும் செயலியிலும் நேரடி அழைப்புக்கான தொழில்நுட்பம்) என்றால் என்னவென்று தெரியும் என்ற அளவு போதும்.

அடிப்படை யோசனை எளிது. அழைப்பின் தொடக்கத்தில் முகத்தின் ஒரு நல்ல படத்தை ஒரே ஒரு முறை அனுப்புகிறோம். அதை ஆதாரப் படம் என்போம். அதற்குப் பிறகு பிக்சல்களை அனுப்புவதில்லை. தலை எவ்வளவு திரும்பியது, வாய் எவ்வளவு திறந்தது என்கிற அசைவை மட்டும் சில டஜன் எண்களாக அனுப்புகிறோம். எதிர்முனையில் இருக்கும் ஜெனரேட்டிவ் மாடல், அதாவது படம் வரையப் பயிற்றுவிக்கப்பட்ட நிரல், அந்தப் படத்தை அந்த எண்களின்படி அசைத்து ஒவ்வொரு ஃப்ரேமையும் வரைகிறது.

யோசனை பழையது. ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 1987-இலேயே கேண்டிட் என்ற முக்கோண வலை முக மாதிரி இதே நோக்கத்துக்காக உருவானது. 1999-இல் வந்த எம்பெக்-4 என்ற வீடியோ தரத்தில் முக அசைவுக்கென்றே 68 அளவுருக்கள் இருந்தன. ஆனால் அந்த முகங்கள் பொம்மை போல இருந்ததால் யாரும் அவற்றோடு பேச விரும்பவில்லை. நிலைமையை மாற்றியது 2019-இல் அலியாக்சாண்டர் சியாரோஹினும் குழுவினரும் வெளியிட்ட ஃபர்ஸ்ட் ஆர்டர் மோஷன் மாடல். முக்கோணமும் இல்லை, முப்பரிமாண வார்ப்பும் இல்லை. புள்ளிகளை மாடலே தானாகக் கற்றுக்கொள்கிறது. 2020 அக்டோபரில் என்விடியா மேக்சின் என்ற பெயரில் இதே வழியை வீடியோ அழைப்புக்காக அறிவித்தது. அதே ஆண்டு ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் இந்த மாடலைச் சுமார் 3 எம்பிக்குச் சுருக்கி, ஐபோன் 8-இன் சிபியுவிலேயே ஓட்டிக் காட்டினார்கள். இது சாதாரணக் கைப்பேசிக்கும் எட்டும் என்று நம்பிக்கை கொடுத்தது அந்த வேலைதான்.

படி 1: முதலில் பிட் கணக்கைப் போடுங்கள்

மாடலைத் தரவிறக்குவதற்கு முன்னால் ஒரு தாளில் இதை எழுதிப் பார்க்க வேண்டும். பலர் முகத்துக்கு எத்தனை பிட் என்பதை மட்டும் பார்க்கிறார்கள். இந்த வேகத்தில் முகத்தைவிட அதைச் சுமக்கும் பாக்கெட்டின் உறையே கனமாக இருக்கும் என்பதைக் கவனிப்பதில்லை.

குரலுக்கு ஓபஸ் கோடெக் (ஒலியைச் சுருக்கும் முறை), நொடிக்கு 16 கிலோபிட். பேச்சு தெளிவாகக் கேட்கும். அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் கூகுளின் லைரா 3 கிலோபிட் வரை இறங்கும். ஆனால் அதிலும் குரலை மாடல்தான் உருவாக்குகிறது. முகமும் மாடல், குரலும் மாடல் என்று ஆக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும், அது குரலாக இருக்கட்டும்.

அடுத்தது ஹெட்டர், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் வலையமைப்பு விதிகள் ஒட்டும் முகவரி உறை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐபி 20 பைட், யுடிபி 8 பைட், ஆர்டிபி 12 பைட், எஸ்ஆர்டிபியின் (ஆர்டிபியின் மறையாக்கப்பட்ட வடிவம்) சரிபார்ப்புக் குறி 10 பைட், ஆக மொத்தம் 50 பைட். ஓபஸை வழக்கமான 20 மில்லிநொடிப் பாக்கெட்டாக அனுப்பினால் நொடிக்கு 50 பாக்கெட், வெறும் ஹெட்டருக்கே 20 கிலோபிட். குரலைவிட அதிகம்! 40 மில்லிநொடியாக மாற்றினால் 25 பாக்கெட், 10 கிலோபிட். முகத்துக்கென்று தனிப் பாக்கெட் போட்டால் இன்னொரு 10 கிலோபிட் போய்விடும். அதனால் முகத்தின் எண்கள் குரல் பாக்கெட்டிலேயே ஏறிப் போக வேண்டும். இந்த வழிகாட்டியின் மற்ற பல முடிவுகள் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகின்றன. ஐபிவி6 வலையமைப்பில் ஹெட்டர் 20 பைட் கூடும், அதாவது 4 கிலோபிட் அதிகம். அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் 16, ஹெட்டர் 10, முகம் 5 என்று வைத்தால் மொத்தம் 31 கிலோபிட். முகம் எப்படி 5-இல் அடங்கும் என்பது படி 5-இல் வருகிறது. மீதியில் 15 கிலோபிட்டை ஆதாரப் படம் அனுப்ப ஒதுக்குவோம். மிச்சத்தைத் தொடாமல் விடுவோம், ஏனென்றால் கைப்பேசியில் பின்னணியில் வேறு ஏதாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

படி 2: மாடலைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வகை உண்டு.

ஃபர்ஸ்ட் ஆர்டர் மாடல் 10 புள்ளிகளைக் கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் இடத்தைச் சொல்ல 2 எண்கள், அதைச் சுற்றியுள்ள பகுதி எப்படித் திரும்புகிறது, நீள்கிறது என்பதைச் சொல்ல 4 எண்கள். ஆக ஒரு ஃப்ரேமுக்கு 60 எண்கள். படம் 256க்கு 256 பிக்சல். பழகுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. இந்த வழிகாட்டியின் கணக்குகளும் இதை வைத்தவைதான்.

என்விடியாவின் டிங்-சுன் வாங், அருண் மல்லையா, மிங்-யு லியு 2021-இல் வெளியிட்ட முறை புள்ளிகளை முப்பரிமாணத்தில் வைக்கிறது. தலை அதிகம் திரும்பினாலும் முகம் பிதுங்குவதில்லை. பார்க்கிறவர் கோணத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இதே வழியில் 2024-இல் வந்த லைவ்போர்ட்ரெய்ட், ஆர்டிஎக்ஸ் 4090 ஜிபியுவில் ஒரு ஃப்ரேமுக்கு 12.8 மில்லிநொடிதான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நாம் கைப்பேசியைப் பற்றிப் பேசுகிறோம். அந்த ஜிபியு மேசைக்கணினிக்கானது.

மூன்றாவது வகை எம்ஐடியில் உருவான ஜெமினோ, 2024. அது புள்ளிகளை நம்புவதில்லை. நிஜ வீடியோவையே மிகச் சிறியதாக்கி அனுப்புகிறது. எதிர்முனையில் அதைப் பெரிதாக்கும்போது முடி, தோல், துணியின் நுணுக்கத்தை ஆதாரப் படத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிட் கூடுதலாகச் செலவாகும். ஆனால் கை முகத்துக்கு முன்னால் வந்தால் அந்தக் கை எதிர்முனையிலும் தெரியும். புள்ளி முறையில் தெரியாது. அலைவரிசை கொஞ்சம் தாராளமாக இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தை உருவாக்கும் டிஃப்யூஷன் மாடல்களின் படம் அழகாக வரும், ஆனால் கைப்பேசியில் நொடிக்கு 25 ஃப்ரேம் என்பது அவற்றுக்குச் சுமை. இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 3: முகத்தை வெட்டி எடுப்பது

கேமராவின் ஃப்ளிக்கர் தடுப்பை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் வெளிச்சத்தில் இதை விட்டுவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும், புள்ளிகளும் நடுங்கும்.

முகம் கண்டறியும் கருவி ஒவ்வொரு ஃப்ரேமிலும் தரும் சதுரத்தை அப்படியே எடுத்து வெட்டக்கூடாது. சதுரம் ஓரிரு பிக்சல் ஆடும், அதோடு முகமும் பின்னணியும் சேர்ந்து ஆடும். அழைப்பின் தொடக்கத்தில் தோளும் தலைக்கு மேல் கொஞ்சம் இடமும் வருமாறு ஒரு சதுரத்தை முடிவுசெய்து, அதை அசையாமல் வைத்திருங்கள். முகம் விளிம்பை நெருங்கினால் மட்டும் புதிய சதுரம், கூடவே புதிய ஆதாரப் படம்.

பின்னணியைப் பிரித்து எடுத்துவிடுவது நல்லது. ஃபர்ஸ்ட் ஆர்டர் மாடல் முகத்தோடு சேர்த்துப் பின்னால் இருக்கும் சுவரையும் இழுக்கும். நாள்காட்டி மாட்டிய சுவர் ரப்பர் போல வளைவதைப் பார்த்தால் பேச்சில் கவனம் நிற்காது.

இதில் பலரும் தடுக்கி விழும் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த மாடலை வைத்து இணையத்தில் கிடைக்கும் விளக்க நிரல்களில் சார்பு அசைவு என்ற தெரிவு இருக்கும். அது ஒருவரின் அசைவை வேறொருவரின் படத்தில் ஏற்றுவதற்கு. நமக்கு இரண்டும் ஒரே ஆள். அதை அணைத்துவிட்டு நேரடி ஆயங்களை (புள்ளிகளின் இடத்தைச் சொல்லும் எண்களை) எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆதாரப் படத்தில் தலை எப்படி இருந்ததோ அந்த வேறுபாடு கடைசிவரை பிழையாக ஒட்டிக்கொண்டே வரும்.

படி 4: ஆதாரப் படம்

இந்த முறையின் தரம் பாதிக்கு மேல் இந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது. அவசரப்படாமல் இந்தப் படியைச் செய்யுங்கள்.

கண் திறந்திருக்க வேண்டும். வாய் லேசாகத் திறந்து பல் கொஞ்சம் தெரிய வேண்டும். வாய் மூடிய படத்தைக் கொடுத்தால், அவர் பேசத் தொடங்கியதும் உள்ளே இருக்கும் பற்களை மாடல் தானாகக் கற்பனை செய்யும். அவருக்கு இல்லாத பல்வரிசை முளைக்கும். ஒரு நொடியில் வரும் 25 ஃப்ரேம்களில் எது கூர்மையாகவும் நேராகவும் பல் தெரிந்தும் இருக்கிறதோ அதை நிரலே தேர்ந்தெடுக்கட்டும். பயனரை "சிரியுங்கள்" என்று கேட்கத் தேவையில்லை.

256க்கு 256 படத்தில் 65,536 பிக்சல்கள். பிக்சலுக்கு ஒரு பிட் என்று சுருக்கினால் 8 கேபி. நாம் ஒதுக்கிய 15 கிலோபிட்டில் அது போய்ச்சேர நாலரை நொடி ஆகும். அதுவரை குரல் மட்டும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க இரண்டு குறுக்குவழிகள் யாருக்கும் தோன்றும். இரண்டும் வேண்டாம் என்பேன்.

முதலாவது, மணி அடிக்கும்போதே படத்தை அனுப்பிவிடுவது. எதிர்முனையில் இருப்பவர் எடுக்காமலே இருக்கலாம், வேறு யார் கையிலாவது அந்தக் கைப்பேசி இருக்கலாம். எடுத்த பிறகு அனுப்பினால் போதும்.

இரண்டாவது, நேற்றைய அழைப்பின் படத்தைச் சேமித்து வைத்து அதையே இன்றும் பயன்படுத்துவது. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். வெளியூரில் இருக்கும் பிள்ளையைத் திரையில் பார்த்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்பதுதான். காய்ச்சலில் சோர்ந்த முகத்தையும் தூங்காத கண்ணையும் பார்க்கத்தான் அவர் வீடியோவைப் போடச் சொல்கிறார். அவருக்கு நேற்றைய முகத்தை இன்றைய அசைவோடு காட்டினால், அவர் பார்க்க விரும்பிய ஒன்றையே நாம் மறைத்துவிடுகிறோம். நாலரை நொடி காத்திருப்பது அதைவிட எவ்வளவோ மேல்.

அழைப்பு நடக்கும்போதே மெதுவாக இரண்டு மூன்று ஆதாரப் படங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்: நேராக ஒன்று, இடப்பக்கம் திரும்பியது ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எந்த ஃப்ரேமுக்கு எந்தப் படம் என்பதைச் சொல்ல 2 பிட் போதும். தலை திரும்பும்போது காது காணாமல் போகும் பிரச்சினை இதில் பெருமளவு தீரும். இந்தப் படங்களை நம்பகமான டேட்டா சேனலில், குரலுக்குக் குறுக்கே வராத குறைந்த முன்னுரிமையோடு அனுப்புங்கள்.

படி 5: 60 எண்களை 5 கிலோபிட்டில் அடக்குவது

மாடல் தரும் எண்கள் 32 பிட் தசம எண்கள். அப்படியே அனுப்பினால் 60 × 32 × 25 = நொடிக்கு 48 கிலோபிட். 64-இல் முக்கால் பங்கு. சுருக்கியாக வேண்டும்.

முதலில் நடுக்கத்தை எடுங்கள். ஆள் அசையாமல் இருந்தாலும் புள்ளிகள் மிக லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்துக்கும் பிட் செலவாகும், முகமும் நீர்ப்பரப்பு போலத் ததும்பும். 2012-இல் வந்த ஒன் யூரோ ஃபில்டர் இதற்குப் பொருத்தமானது. மெதுவான அசைவில் அதிகம் வழவழப்பாக்கும், வேகமான அசைவில் குறுக்கே வராது. அதிகமாகப் போட்டால் கண் சிமிட்டல் மழுங்கும், அதனால் சிமிட்டலைப் பார்த்துக்கொண்டே அளவை வையுங்கள்.

அடுத்து, எண்களைப் படியாக்குவது. ஆயங்கள் -1 முதல் 1 வரை இருக்கும். 8 பிட் கொடுத்தால் ஒரு படி சரியாக ஒரு பிக்சல். 256 பிக்சல் முகத்தில் ஒரு பிக்சல் குதித்தாலும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே 20 ஆய எண்களுக்குத் தலா 10 பிட், கால் பிக்சல் நுணுக்கம். மீதி 40 எண்கள் அவ்வளவு நுட்பம் கேட்பதில்லை, தலா 7 பிட். மொத்தம் 480 பிட், நொடிக்கு 12 கிலோபிட்.

பேசும்போது முகம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அதிகம் மாறுவதில்லை. முழு மதிப்புக்குப் பதில் வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் சுழியமும் ஒன்றும்தான் வரும். அடிக்கடி வரும் மதிப்புக்குக் குறைந்த பிட் கொடுக்கும் எண்கணிதக் குறியாக்கத்தில் அதைப் போடுங்கள். சராசரியாக எண்ணுக்கு 3 பிட் என்ற இலக்கை வைத்தால் ஃப்ரேமுக்கு 180 பிட், நொடிக்கு 4.5 கிலோபிட். பத்து ஃப்ரேமுக்கு ஒரு முறை முழு மதிப்புகளையும் அனுப்புவதற்குக் கூடுதலாக 0.75 கிலோபிட். மொத்தம் 5.25.

எதிலிருந்து வித்தியாசம் எடுப்பது? முந்தைய ஃப்ரேமிலிருந்து எடுத்தால் பிட் மிகக் குறைவு, ஆனால் ஒரு பாக்கெட் தொலைந்தால் அடுத்த முழு ஃப்ரேம் வரும் வரை, அதாவது 400 மில்லிநொடி வரை, முகம் கோணலாகவோ உறைந்தோ நிற்கும். மோசமான இணைப்பில் பாக்கெட் தொலைவது அன்றாடம். அதனால் "வந்துசேர்ந்தது" என்று எதிர்முனை ஒப்புக்கொண்ட கடைசி முழு ஃப்ரேமிலிருந்து வித்தியாசம் எடுங்கள். கொஞ்சம் பிட் கூடும். ஆனால் தொலைந்த பாக்கெட் தன்னை மட்டும்தான் கெடுக்கும். அந்த ஒப்புதல் எதிர்த்திசைக் குரல் பாக்கெட்டில் ஒரு பைட்டாக வந்துவிடும்.

படி 6: பாக்கெட்டில் ஏற்றுவது

180 பிட் என்றால் சுமார் 23 பைட். இதை ஆர்டிபி ஹெட்டர் நீட்சியில் வைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும். வைக்காதீர்கள். சாதாரண எஸ்ஆர்டிபியில் ஹெட்டர் நீட்சிகள் மறையாக்கப்படுவதில்லை. ஒருவர் எப்போது அழுதார், எப்போது சிரித்தார் என்பது வழியில் இருக்கும் யாரும் படிக்கிற மாதிரி போகும். வெப்ஆர்டிசியின் என்கோடட் டிரான்ஸ்ஃபார்ம் வசதியால் ஓபஸ் ஃப்ரேமின் வாலில் இந்த பைட்டுகளைச் சேர்த்து, எதிர்முனையில் பிரித்தெடுங்கள். அப்போது குரலோடு சேர்ந்து முகமும் மறையாக்கத்துக்குள் இருக்கும்.

கேமரா நொடிக்கு 30 ஃப்ரேம் கொடுத்தால், ஒவ்வொரு குரல் பாக்கெட்டும் கிளம்பும் தருணத்தில் கடைசியாக வந்த ஃப்ரேமை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

படி 7: எதிர்முனையில் வரைவது

மாடலை எடைகுறைத்து 8 பிட் முழு எண்களுக்கு மாற்றிக் கைப்பேசியின் முடுக்கியில் (இந்தக் கணக்குகளுக்கான தனிச் சில்லில்) ஓட்டுங்கள். ஒரு ஃப்ரேம் 40 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும். ஆதாரப் படத்தின் உள் அம்சங்களை ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் திரும்பச் செய்வது வீண்.

உதடும் குரலும் ஒன்றாக இருக்க வேண்டும். தொலைக்காட்சிக்கான ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை ஒன்றின்படி, குரல் படத்துக்கு 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கவனித்துவிடுவார்; பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரியாது. நமக்கு எப்போதும் முந்தும் அபாயம்தான், ஏனென்றால் குரல் உடனே தயார், முகத்தை வரைய நேரம் ஆகும். இரண்டும் ஒரே பாக்கெட்டில் வருவதால் தீர்வும் எளிது. வரைய ஆகும் சராசரி நேரத்தை அளந்து, குரலை அவ்வளவு தாமதப்படுத்துங்கள். ஆனால் ஒருவழித் தாமதம் மொத்தம் 150 மில்லிநொடியைத் தாண்டாமல் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும். 40 மில்லிநொடிப் பாக்கெட்டும் வரையும் நேரமும் சேர்ந்து அதில் பாதியைத் தின்றுவிடும்.

பாக்கெட் தொலைந்தால் முகத்தை ஊகித்து அசைக்காதீர்கள். கடைசி நிலையில் நிற்கட்டும்.

படி 8: அனுப்புகிறவர் பக்கத்தில் ஒரு காவல்

இதுதான் முக்கியமான படி, விளக்க வீடியோக்கள் இதைக் காட்டுவதில்லை. எதிர்முனையில் தெரியும் முகம் கேமரா பார்த்த முகம் இல்லை. மாடல் வரைந்தது. அது சரியாக வரைந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அனுப்புகிறவரின் கைப்பேசி, ஏனென்றால் நிஜ முகம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் அதே மாடலின் ஒரு பிரதியை அனுப்புகிற பக்கத்திலும் ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேண்டாம், ஐந்துக்கு ஒன்று, நொடிக்கு 5 முறை. அது வரைந்ததைக் கேமரா ஃப்ரேமோடு ஒப்பிடுங்கள். முழுப் படத்தின் சராசரி வித்தியாசம் உதவாது, ஏனென்றால் வாய் படத்தில் மிகச் சிறிய பகுதி. வாய், இரண்டு கண்கள், மீதி என்று பகுதி பகுதியாகப் பாருங்கள். இரு கைப்பேசிகளிலும் கடைசி பிட் வரை ஒன்றாக வரத் தேவையில்லை. மாடலின் பதிப்பு மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், அதை அழைப்பின் தொடக்கத்திலேயே சரிபாருங்கள்.

வித்தியாசம் கூடினால் என்ன செய்வது? மூன்று நிலைகள் வையுங்கள். மேல் நிலையில் மாடல் வரைந்த முகம். நடு நிலையில் நிஜமான சின்ன வீடியோ: 128க்கு 128 பிக்சல், நொடிக்கு 6 ஃப்ரேம், ஆதாரப் படத்துக்கு ஒதுக்கிய அதே 15 கிலோபிட்டில். மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை. கீழ் நிலையில் அசையாத படமும் குரலும். கை முகத்தை மறைத்தால், குழந்தை மடியில் ஏறினால், கண்ணாடியில் வெளிச்சம் பட்டால், முந்தானையால் முகம் துடைத்தால் மேலிருந்து நடுவுக்கு இறங்க வேண்டும். சரியானதும் உடனே ஏறக்கூடாது, 2 நொடி பொறுத்து ஏறட்டும். இல்லாவிட்டால் திரை மாறி மாறித் துடிக்கும். தலை வேறு கோணத்திலேயே நின்றுவிட்டால் புதிய ஆதாரப் படம் அனுப்பும் வேளை அது.

வரம்பு எண் எவ்வளவு என்று பொதுவாகச் சொல்ல வழியில்லை. நிஜத்தையும் வரைந்ததையும் அருகருகே வைத்து உங்கள் பயனர்களில் சிலரிடம் காட்டி, "இது அவர்தானா, அவர் செய்ததைத்தான் செய்கிறாரா" என்று கேட்டு அமையுங்கள்.

சைகை மொழியில் பேசுகிறவர்களுக்கு இந்த முறை அறவே கூடாது. அவர்கள் பேச்சு கையில் இருக்கிறது, மாடல் கையை அழித்துவிடும். நடு நிலையை மட்டும் தெரிந்தெடுக்கும் ஒரு பொத்தானைப் பார்வைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள். மருத்துவ ஆலோசனையிலும் இது கூடாது. கண்ணில் ஏறிய மஞ்சளையும் தோலில் வந்த தடிப்பையும் 60 எண்கள் சொல்லாது. வங்கி வீடியோ வழியாக அடையாளம் சரிபார்க்கும் கேஒய்சியும் அப்படியே.

மேல் நிலையில் இருக்கும்போதெல்லாம் திரையில் ஒரு சிறு வரி இருக்கட்டும்: "முகம் மாடலால் வரையப்படுகிறது". இரு பக்கமும் தெரிய வேண்டும். உங்கள் ஆதாரப் படம் கையில் இருக்கும் யாரும் உங்கள் முகத்தை அசைக்க முடியும் என்பதால், அழைப்பு முடிந்ததும் எதிர்முனையில் அந்தப் படம் அழிய வேண்டும்.

படி 9: பயிற்சியும் சோதனையும்

பலர் ஆயத்த எடைகளோடு, அதாவது ஏற்கெனவே பயிற்றுவித்த மாடலின் எண்களோடு, தொடங்குவார்கள். அவை பெரும்பாலும் வாக்ஸ்செலிப் தொகுப்பில் பயின்றவை, அதாவது யூடியூபில் கிடைத்த பிரபலங்களின் நேர்காணல்கள். நல்ல விளக்கு, நல்ல கேமரா, நேராக உட்கார்ந்த ஆள். நம் வீட்டுச் சமையலறை அப்படி இருக்காது. மூக்குத்தி, பொட்டு, தலையில் பூ, தாடி, முக்காடு, தலைக்கு மேல் ஒற்றை டியூப்லைட் என்று உங்கள் பயனர்கள் எப்படி இருப்பார்களோ அப்படிப்பட்ட ஒளிப்பதிவுகளை ஒப்புதலோடு சேர்த்து மாடலை மேலும் பயிற்றுங்கள். மூக்குத்தி ஒரு ஃப்ரேமில் இருந்து அடுத்ததில் மறைந்தால் அதைவிட உறுத்தலான பிழை இல்லை.

உதட்டைச் சோதிக்கத் தமிழே நல்ல கருவி கொடுக்கிறது. ப, ம இரண்டும் உதடு முழுதாக ஒட்டினால்தான் பிறக்கும். "அம்மா பம்பரம் வாங்கப் போனாள்", "பாப்பாவும் மாமாவும்" என்று சிலரைப் பேசவைத்து, ஒவ்வொரு ப, ம ஒலியின்போதும் வரைந்த முகத்தில் உதடு உண்மையிலேயே மூடியதா என்று எண்ணுங்கள். மாடல்கள் பாதி மூடிவிட்டு விட்டுவிடும். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்பவர்களுக்கு அந்தப் பாதி மூடல் வேறு சொல்லாகிவிடும். அப்புறம் ஓ, ஊ சொல்லும்போது உதடு குவிகிறதா என்று பாருங்கள்.

அளவீட்டில் பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடும் பிஎஸ்என்ஆரை மட்டும் நம்பாதீர்கள். முகம் ஒரு பிக்சல் நகர்ந்தாலே அது சரிந்துவிடும். மழுங்கிய படத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கும். பயிற்றுவித்த மாடலால் ஒற்றுமையை அளக்கும் எல்பிஐபிஎஸ் மனிதக் கண்ணுக்கு நெருக்கமானது. அதையும் தாண்டி நேரில் காட்டிக் கேட்பதே சரி.

ஒப்பீட்டை நேர்மையாகச் செய்யுங்கள். வீடியோவைச் சுருக்கும் பழைய முறையான ஹெச்.264-ஐ மட்டும் எதிரில் நிறுத்தி வெல்வது சுலபம். அதைவிடப் புதிய ஏவி1 கோடெக்கைக் கூகுள் 2020-லேயே தன் டுவோ அழைப்புகளில் குறைந்த வேகத்துக்காகக் கொண்டுவந்தது. குரல், ஹெட்டர் எல்லாம் சேர்த்த மொத்த பிட்ரேட்டைச் சமமாக வைத்து அதோடு ஒப்பிடுங்கள். ஏவி1 பார்க்கும்படியாக இருக்கும் வேகத்தில் அதையே பயன்படுத்துங்கள். அது நிஜப் படத்தைக் காட்டுகிறது. மாடல் முகம் அதற்குக் கீழே உள்ள வேகங்களுக்கு.

ஹெச்.266 என்ற வீடியோ தரத்தை உருவாக்கிய ஜேவெட் குழுவும், முகப் புள்ளிகளை வீடியோ ஓட்டத்தின் துணைத் தகவலாகச் சுமந்துசெல்லும் வழியில் வேலை செய்திருக்கிறது. அதனால் உங்கள் எண்களின் வடிவத்தை ஒரே மாடலோடு இறுக்கிக் கட்டாமல், பதிப்பு எண்ணோடு மாற்றக்கூடியதாக வையுங்கள்.

கடைசியாகக் களச் சோதனை. லினக்ஸின் நெட்எம் கருவியால் 64 கிலோபிட், 300 மில்லிநொடிச் சுற்றுத் தாமதம், நூற்றுக்கு 5 பாக்கெட் இழப்பு என்று ஒரு மோசமான இணைப்பை உருவாக்கி, இரண்டு நடுத்தர விலைக் கைப்பேசிகளில் 20 நிமிடம் பேசுங்கள். இரண்டு நிமிடம் போதாது. பத்தாவது நிமிடத்தில் கைப்பேசி சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போதுதான் ஃப்ரேம் நேரம் 40 மில்லிநொடியைத் தாண்டும். தாண்டினால் குரலைத் தொடாதீர்கள். முக எண்களை ஒன்றுவிட்டு ஒரு பாக்கெட்டில் ஏற்றி, நொடிக்குப் பன்னிரண்டரை ஃப்ரேமாக இறக்குங்கள். அதன் பிறகு ப, ம சோதனையை இன்னொரு முறை செய்து பாருங்கள். உதடு மூடும் கணம் இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே தவறிப்போனால், அந்தச் சூட்டில் நடு நிலையின் மங்கலான நிஜ வீடியோவுக்கே மாறிவிடுங்கள்.